ஐந்துக்கு ஐந்து வாங்கிய அலுவலகம்

போன மாதம் ஒரு பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்ற பல்கலைக்கழகத்தில் இப்போது மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறாராம். "மேடம், ஹெட்ஸ் எல்லாருக்கும் லீடர்ஷிப் ஸ்கோர் எடுக்கறோம். கீழ வேலை செய்யறவங்களை எவ்வளவு சுதந்திரமா முடிவெடுக்க விடறாங்கன்னு பாக்கணும். நீங்க அப்பவே தமிழ்ல ஒரு கேள்வித்தாள் பண்ணீங்களாமே, கிடைக்குமா?" என்றார். இப்போதெல்லாம் கைபேசியிலேயே பதில் வாங்கி, அன்றைக்கே வண்ணப்படமாகப் போட்டுவிடுகிறார்கள். தருகிறேன் என்று சொல்லிவிட்டு, "ஒரு ஆபீஸ்ல எல்லாரும் ஃபுல் மார்க் போட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "நல்ல விஷயம்தானே மேடம்?" என்றார். அதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உளவியல் படித்துவிட்டு முதலில் நான் வேலைக்குப் போனது திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்கு. பட்டறைகளுக்கு ஆள் எடுப்பதற்கான தேர்வுகளை நடத்திக் கொடுத்தேன். மனிதர்களை எண்ணால் அளப்பதில் எது முடியும், எது முடியாது என்பதை அங்கேதான் ஓரளவு புரிந்துகொண்டேன். பிறகு தாம்பரத்துக்குத் தெற்கே, ஜிஎஸ்டி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த இந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானேன். பெயர் வேண்டாம். அப்போது இருந்தவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டாயிரங்களின் நடுவில் தனராஜ் சார் பதிவாளராக வந்தார். சேலையூர்க்காரர், அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். உயரமாக இருப்பார், குரல் மட்டும் எழும்பவே எழும்பாது. அவருக்கு ஒரு கோப்பு போனால், அதில் உத்தரவு எழுதித் திரும்பி வராது. "உங்கள் யோசனை என்ன?" என்று எழுதித் திரும்பி வரும். நம் யோசனையை எழுதி அனுப்பினால், "இதில் எது தவறிப்போகலாம்?" என்று இன்னொரு கேள்வியோடு வரும். அதற்கும் பதில் எழுதினால்தான், "அப்படியே செய்யுங்கள்" என்று வரும். கடைநிலை ஊழியர் ஒருவர் அறைக்குள் வந்தாலும் அவரை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார். இதையெல்லாம் ஊழியர்கள் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்ளவில்லை. முடிவெடுக்கத் தெரியாத மனிதர் என்றுதான் பேசிக்கொண்டார்கள். எனக்கும் பாதி சந்தேகம் இருந்தது.

அந்த ஆண்டு பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு, நிர்வாக அலுவலகங்களின் தலைவர்களை அவர்கள் கீழே வேலை செய்கிறவர்களின் பதில்களைக் கொண்டு அளந்து பார்க்கத் தீர்மானித்தது. மேலே ஒரு பெரிய பதவி காலியாகப் போகிறது, அதற்கு இந்த அளவு ஒரு காரணமாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

முதல் தடுமாற்றம் மொழியில் வந்தது. ஏற்கெனவே இருந்த ஆங்கிலக் கேள்வித்தாளின் 'எம்பவர்மென்ட்' என்ற சொல்லை அகராதி பார்த்து "அதிகாரமளித்தல்" என்று எழுதினேன். சரிபார்ப்பதற்காக வாகனப் பிரிவில் சிலரிடம் கொடுத்தேன். அங்கிருந்த ஓட்டுநர் ஒருவர் படித்துவிட்டுச் சிரித்தார். "எங்க சார் அதிகாரம் பண்றதுல அவரை யாரும் அடிச்சுக்க முடியாது மேடம். அஞ்சே போட்டுக்கோங்க," என்றார். அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு, பேச்சில் வருகிற மாதிரி எழுதினேன். "சின்ன விஷயங்களை நானே முடிவு செய்யலாம்." "நான் எடுத்த முடிவு தவறிப்போனாலும் என் மேலதிகாரி என்னை விட்டுக்கொடுக்க மாட்டார்." ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஐந்து என்றால் முழுக்க உண்மை.

நடுநடுவே சில கேள்விகளைத் திருப்பிப் போட்டேன். "எதைச் செய்வதானாலும் முதலில் அவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது" என்பது அப்படி ஒன்று. நல்ல தலைவருக்கு இதில் குறைந்த மதிப்பெண் வரவேண்டும். படிக்காமலே கண்ணை மூடிக்கொண்டு ஐந்து போடுகிறவர்களை இந்தக் கேள்விகள் காட்டிக்கொடுத்துவிடும். பெயர் எழுத வேண்டாம், பதில் எழுதும்போது தலைவர் அந்த இடத்தில் இருக்கக் கூடாது, முடிந்ததும் தாளைத் தாங்களே பெட்டியில் போட்டுவிடலாம். இவைதான் நான் எல்லோருக்கும் கொடுத்த வாக்குறுதிகள்.

மற்ற அலுவலகங்களில் முணுமுணுத்தார்கள், கேள்வி கேட்டார்கள், சிரித்தார்கள். பதிவாளர் அலுவலகத்திலேயே தனராஜ் சாருக்கு நடுத்தர மதிப்பெண்தான் வந்தது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

அங்கே தலைவர் முனைவர் கஜேந்திரன். காலியாகப் போகும் பதவிக்கு முதல் பெயர் அவருடையது. அவர் நிர்வாகத்தில் ஒரு முறைகூடத் தேர்வு முடிவு தாமதமாக வந்ததில்லை, அதை மறுக்க முடியாது. "சார், கொஞ்ச நேரம் வெளியில இருக்கணும்," என்று கேட்டேன். "தாராளமா," என்று சொல்லி எழுந்துபோய், கூடத்தின் ஓரத்தில் இருந்த தன் கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டார். கதவைச் சாத்தவில்லை. அங்கே இருந்தாலும் கூடத்துக்குள் இருக்கிற மாதிரிதான் என்று நான் மறுபடியும் போய்ச் சொன்னேன். "நான் என் வேலையைப் பாக்கறேன் மேடம், அவங்க அவங்க வேலையைப் பாக்கட்டும்," என்றார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எல்லோரும் எழுதி முடித்துப் பெட்டியில் போட்டுவிட்டார்கள்.

எல்லாத் தாள்களிலும் எல்லாக் கேள்விகளுக்கும் ஐந்து. திருப்பிப் போட்ட கேள்விகளுக்கும் ஐந்து.

தாள்களோடு பதிவாளரிடம் போனேன். மெதுவாகப் புரட்டிப் பார்த்தார்.

"என்ன செய்யப் போறீங்க?"

"நீங்க சொல்லுங்க சார்."

"அளந்தது நீங்கம்மா."

எரிச்சலாக இருந்தது. ஒரு பெரிய மனிதரின் பதவி உயர்வு தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில், ஒரு விரிவுரையாளரைத் தனியாக நிறுத்துகிறாரே என்று நினைத்தேன். கடைசியில், அந்த அலுவலகத்துக்கு மதிப்பெண் போட முடியாது, இடத்தைக் காலியாக விட்டுக் காரணம் எழுதுவேன் என்றேன். "சரி. எழுதிக் கொடுங்க. நான் ஆட்சிக்குழுவுல வைக்கறேன்," என்றார்.

செய்தி எப்படிப் போனதோ தெரியவில்லை. மறுநாளே கஜேந்திரன் சாரிடமிருந்து அழைப்பு வந்தது. போனால், கூடத்தில் அவருடைய ஊழியர்கள் எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"என் ஸ்டாஃப் பொய் சொல்லியிருக்காங்கன்னு எழுதறீங்களாம். யார் பொய் சொன்னதுன்னு காட்டுங்க."

"பொய்னு நான் எழுதல சார். அந்தப் பதில்களை வச்சு மார்க் போட முடியாதுன்னுதான் எழுதறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்." ஊழியர்கள் பக்கம் திரும்பினார். "முருகன், நான் உங்களை ஃப்ரீயா விடறேனா, இல்லையா?"

"விடறீங்க சார்."

"கோமதி?"

"விடறீங்க சார்."

வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் கண்காணிப்பாளர் ஷகிலா நின்றிருந்தார். அந்தக் கூடத்தில் தலைவருக்கு அடுத்த இடம் அவருடையது. தேர்வு விதிகள் அவருக்கு மனப்பாடம்.

"ஷகிலா மேடம்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "விடறீங்க சார்," என்றார்.

"கேட்டுக்கிட்டீங்க இல்ல?" என்று என்னிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போனார். நான் என்ன சொன்னாலும் அடி அவர்கள் மேல்தான் விழும் என்பது எனக்கு அங்கேயே புரிந்தது. பேசாமல் திரும்பிவிட்டேன்.

அன்று மாலை மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில் ஷகிலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பல்லாவரத்தில் அவர் வீட்டுக்காரருக்கு ஹார்டுவேர் கடை. தினமும் ஒரே ரயிலில் போனாலும் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. வண்டலூர் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மேடம், அந்த இடத்துல அஞ்சுன்னே போட்டுடுங்க."

"ஏன் ஷகிலா?"

"ராமானுஜம் சாரைத் தெரியுமா? எனக்கு முன்னாடி சூப்பரிண்டெண்டா இருந்தவர். ஒரு பையனுக்கு ஹால் டிக்கெட்ல சப்ஜெக்ட் தப்பா வந்துடுச்சு. கன்ட்ரோலர் சார் ஊர்ல இல்ல. ராமானுஜம் சார் தானே கையெழுத்துப் போட்டு எழுத விட்டாரு. ரூல்ல இருக்கு மேடம், போடலாம். ஆனா கேக்காம போட்டாருன்னு ஸ்டோர்ஸுக்கு மாத்திட்டாங்க. ரிட்டயர் ஆகறவரைக்கும் மூட்டை எண்ணிக்கிட்டுதான் இருந்தாரு."

"அதை நான் எங்கயும் சொல்ல மாட்டேன்."

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட சொன்னேன். நீங்க காலியா விட்டா, யாரோ என்னமோ சொல்லியிருக்காங்கன்னு அவர் தேடுவாரு. உங்களுக்கு இது ஒரு ரிப்போர்ட் மேடம். நாங்க நாளைக்கும் அங்கதான் போகணும்."

தாம்பரத்தில் நான் இறங்கினேன். அவர் போய்விட்டார். வீட்டுக்கு வந்தும் அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. ஐந்து போட்டால் பொய்யை என் கையெழுத்தோடு மேலே அனுப்புகிறேன். காலியாக விட்டால் பாதுகாப்பதாகச் சொன்னவர்களையே மாட்டிவிடுகிறேன். ஆட்சிக்குழு கூடுவதற்குச் சில வாரங்கள் இருந்தன. நான் அறிக்கையைத் தொடாமல் வைத்திருந்தேன்.

அதற்குள் பருவத்தேர்வு தொடங்கிவிட்டது. எனக்கு அரங்குகளைச் சுற்றிப் பார்க்கும் வேலை. ஒரு நாள் காலை, தேர்வு தொடங்கி மணி அடித்த பிறகு, முதன்மைக் கட்டடத்தின் வாசல் காவலாளி என்னை வழிமறித்தார்.

"இன்னா மேடம் இது, அந்தப் பொண்ணு அழுதுகினு கீது. உள்ள வுட மாட்டேன்றாங்க."

படிக்கட்டில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பவித்ரா, இறுதியாண்டு. அவளுடைய நுழைவுச் சீட்டில் பெயர், எண் எல்லாம் சரியாக இருந்தன. புகைப்படம் மட்டும் வேறு யாருடையதோ. அச்சில் நேர்ந்த தவறு. படம் பொருந்தாதவரை உள்ளே விட முடியாது என்று அரங்கக் கண்காணிப்பாளர் சொன்னது விதிப்படி சரி. தேர்வு தொடங்கி அரை மணி நேரம் கழித்து யாரையும் சேர்க்கக் கூடாது என்பதும் விதி. இந்தத் தாள் போனால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். வளாக நேர்காணலில் அவளுக்குக் கிடைத்திருந்த வேலை அதுவரை காத்திருக்காது.

அவளைக் கூட்டிக்கொண்டு தேர்வு அலுவலகத்துக்கு ஓடினேன். கஜேந்திரன் சார் டெல்லிக் கூட்டத்துக்கு விமானத்தில் போய்க்கொண்டிருந்தார். கைபேசி அணைந்திருந்தது. முருகன் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார். ஷகிலா அதற்குள் சேர்க்கை ஆவணத்தை எடுத்து, பவித்ராவின் முகத்தோடு படத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டிருந்தார். தற்காலிக அனுமதிச் சீட்டும் மேசைமேல் தயாராக இருந்தது. கையெழுத்துப் போடவேண்டிய இடம் மட்டும் காலி.

"மறுபடியும் அடிச்சுப் பாருங்க முருகன்," என்றார்.

"ஸ்விட்ச் ஆஃப்னே வருது மேடம்."

நான் பதிவாளரை அழைத்தேன். பக்கத்துக் கட்டடம்தான், நடந்தே வந்துவிட்டார். அவர் வந்தவுடன் ஷகிலாவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. சீட்டை அவர் பக்கம் நகர்த்தினார். தனராஜ் சார் அதைத் தொடவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்தப் பொண்ணு அந்தப் பொண்ணுதானா?"

"ஆமா சார். ரெக்கார்டுல பாத்துட்டேன்."

"ரூல் என்ன சொல்லுது?"

"டியூட்டில இருக்கற சூப்பரிண்டெண்ட் போடலாம்னு இருக்கு சார்."

"டியூட்டில யார் இருக்கா?"

ஷகிலா சீட்டைப் பார்த்தார். பவித்ரா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "சார், நீங்களே ஒரு ஆர்டர் போட்டுடுங்களேன், நேரம் போகுது," என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"ராமானுஜம் விஷயம் எனக்குத் தெரியும்மா," என்றார் ஷகிலாவிடம். "ஃபைலைப் படிச்சேன். நான் போட்டா இன்னைக்கு இந்தப் பொண்ணு எழுதிடும். அடுத்த தடவை இன்னொருத்தர் வந்து நிக்கும்போது நான் இருக்க மாட்டேன். நீங்க போடலைன்னா நான் உங்களைத் தப்பு சொல்ல மாட்டேன், நானே விசிக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுப் பாக்கறேன். நீங்க போட்டீங்கன்னா, யார் கேட்டாலும் முதல்ல என்கிட்டதான் பேசணும்."

அந்த நிமிடத்தில் அந்த மனிதர் மேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஒரு பெண்ணின் எதிர்காலத்தை வைத்துக்கொண்டு நிர்வாகப் பாடம் நடத்துகிறாரே என்று கத்தியிருப்பேன். துணைவேந்தர் தொலைபேசியில் கிடைக்காவிட்டால்? ஷகிலா மறுத்துவிட்டால்?

ஷகிலா முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். பேனாவை எடுத்தார். வழக்கமாக அவர் சுருக்கொப்பம்தான் போடுவார். அன்று முழுப் பெயரையும் எழுதினார். முத்திரையை அழுத்தி, சீட்டைப் பவித்ராவின் கையில் கொடுத்து, "ஓடும்மா," என்றார்.

அவள் அரங்குக்குள் போவதை நான் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நேரத்துக்குள் போய்விட்டாள். திரும்பி வந்தபோது தனராஜ் சார் போய்விட்டிருந்தார். ஷகிலா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

டெல்லியிலிருந்து கஜேந்திரன் சார் திரும்பி வந்த அன்றே ஷகிலாவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே நீங்க காலியாவே விடலாம் மேடம்," என்றார். எதற்கும் அஞ்சாதவர் குரல் இல்லை அது. இனி மறைக்க ஒன்றுமில்லாதவர் குரல். நான் அன்று வீட்டுக்குப் போய் அறிக்கையை முடித்தேன்.

ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார்கள். துணைவேந்தர் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றார்.

"தேர்வு அலுவலகத்துக்கு ஏன் மார்க் இல்ல?"

"அங்கேருந்து வந்த பதில்களை வச்சு நல்லாருக்குன்னும் சொல்ல முடியாது, மோசம்னும் சொல்ல முடியாது சார். ஒண்ணுக்கொண்ணு நேர் எதிரான கேள்விகளுக்கும் ஒரே பதில் வந்திருக்கு. யாரையும் குறை சொல்லல. அளவு சரியா விழல, அவ்வளவுதான்."

கஜேந்திரன் சார் எழுந்தார். "இதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு நான் சொல்றேன். என் ஆபீஸ்ல ஒரு ஒழுங்கீனம் நடந்திருக்கு. நான் இல்லாத நேரத்துல சூப்பரிண்டெண்ட் ஒரு பெர்மிட்ல கையெழுத்துப் போட்டிருக்காங்க. ரிஜிஸ்ட்ரார் பக்கத்துல உக்காந்து போட வச்சிருக்காரு."

துணைவேந்தர் தனராஜ் சாரைப் பார்த்தார். "நீங்க சொல்லித்தான் போட்டாங்களா?"

"இல்ல சார்," என்றார் அவர். கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன். "முடிவு அவங்களோடது. சரியான முடிவு. அதுக்கு ஏதாவது நடவடிக்கைன்னா என் மேல எடுங்க. நான் அங்க இருந்தேன், தடுத்திருக்கலாம், தடுக்கல. மெமோவை என் பேருக்கு மாத்திக் குடுக்கச் சொல்லிக் கேக்கறேன்."

துணைவேந்தர் மெமோவின் நகலை எடுத்துப் பார்த்தார். பிறகு கஜேந்திரன் சாரிடம், "பரீட்சை எழுத வந்தது வேற யாராவது பொண்ணா?" என்று கேட்டார்.

"இல்ல."

"சூப்பரிண்டெண்ட் கையெழுத்துப் போட ரூல்ல இடம் இருக்கா?"

"ரூல்ல இருக்கு சார். அது பிரச்சினை இல்ல. என்னைக் கேக்கல, அதுதான் பிரச்சினை."

குழு உறுப்பினர் ஒருவர் என் கேள்வித்தாளின் நகலை எடுத்து எதையோ தேடினார். அனுமதி கேட்பதைப் பற்றிய அந்தத் திருப்பிப் போட்ட கேள்வியின்மேல் விரலை வைத்து, பக்கத்திலிருந்தவருக்குக் காட்டினார். கஜேந்திரன் சாரும் அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். மெதுவாக உட்கார்ந்தார்.

மெமோ திரும்பப் பெறப்பட்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் கஜேந்திரன் சாருக்கு வேறு எதுவும் ஆகவில்லை. அந்தப் பெரிய பதவி வெளியாள் ஒருவருக்குப் போனது, அவர் தன் கண்ணாடி அறையிலேயே தொடர்ந்தார். தனராஜ் சாரின் பணிக்காலத்தை அடுத்த ஆண்டு நீட்டிக்கவில்லை. காரணத்தை யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கடைசி நாளில் நான் போய்ப் பார்த்தபோது, "அன்னைக்கு உங்களுக்கு என் மேல ரொம்பக் கோபம்," என்றார். ஆமாம் என்றேன். "எனக்கும் பயமாத்தான் இருந்தது. அவங்க போட மாட்டாங்கன்னுதான் நினைச்சேன்," என்றார்.

அடுத்த ஆண்டு மறுபடியும் அளந்தேன். தேர்வு அலுவலகத்தின் தாள்கள் இந்த முறை ஒன்றுபோல ஒன்று இல்லை. சிலர் இரண்டு போட்டிருந்தார்கள், சிலர் நான்கு. திருப்பிப் போட்ட கேள்விகள் சரியாகத் திரும்பி விழுந்திருந்தன. புதிய பதிவாளர் பார்த்துவிட்டு, "ஐயையோ, ரொம்ப இறங்கிடுச்சே," என்று வருத்தப்பட்டார். முதல் முறையாக அங்கே ஓர் அளவு கிடைத்திருக்கிறது என்று அவருக்கு விளக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தொலைபேசியில் கேட்ட அந்தப் பெண்ணுக்கு இதை மட்டும் சொன்னால் போதும்தான். ஆனால் அந்த இரண்டாம் ஆண்டுத் தேர்வின்போது நான் பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஏதோ வேலையாகத் தேர்வு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கண்ணாடி அறையில் கஜேந்திரன் சார் இருந்தார். ஒரு மாணவன் நுழைவுச் சீட்டில் பிறந்த தேதி தவறு என்று வந்து நின்றான். முருகன் ஆவணத்தைச் சரிபார்த்து, அனுமதிச் சீட்டை எழுதி, ஷகிலாவிடம் கொண்டுவந்தார்.

"மேடம், சைன்."

ஷகிலா வாங்கிப் படித்தார். "செக் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்."

"தேதி தப்புக்கு அசிஸ்டெண்டே போடலாம் முருகன். நீங்களே போடுங்க."

முருகன் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தார். ஷகிலா பார்க்கவில்லை. தன் மேசையிலிருந்த முத்திரையை அவர் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, வேறு கோப்பைத் திறந்துகொண்டார். முருகன் கொஞ்ச நேரம் நின்றார். மாணவனும் நின்றுகொண்டிருந்தான். பிறகு முருகன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மாணவனிடம் பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.